ஐந்து கோல் அடித்தவருக்கு மூன்று கோடி டாலர் ஏன்? டூ-வே சென்டரின் விலையை எடைபோடுவது எப்படி

2021 ஜூலை 28. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில், ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விரும்பிய அணியோடு பேரம் பேசும் ஃப்ரீ ஏஜென்ட் சந்தை அந்த ஆண்டு திறந்த நாள். மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியோடு ஒப்பந்தம் முடிந்து வந்த ஃபிலிப் டனோ என்ற 28 வயது சென்டரை லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அன்றே வளைத்துப்போட்டது. ஆறு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 55 லட்சம் டாலர், மொத்தம் 3.3 கோடி டாலர். அதற்கு முந்தைய சீசனில் 53 ஆட்டங்களில் டனோ அடித்த கோல் ஐந்தே ஐந்து. அசிஸ்ட், அதாவது அடுத்தவர் கோலுக்குப் பக் எடுத்துக்கொடுத்தது, 19.

ஹாக்கியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவருக்கு இந்தக் கணக்கு புரியாது. தாக்குதல் வரிசையின் நடுவில் ஆடுபவர், பத்து ஆட்டத்துக்கு ஒரு கோல் கூடப் போடாதவர், அவருக்கு இவ்வளவு கொட்டிக் கொடுப்பானேன்? ஆனால் கிங்ஸ் கொடுத்தது நியாயமான விலை என்றுதான் நான் நினைக்கிறேன். காரணம் புரிய வேண்டுமானால் முதலில் ஒரு சென்டர் ஐஸில் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிய வேண்டும்.

ஐஸில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். கோல்கீப்பர், இரண்டு டிஃபென்ஸ்மேன், மூன்று ஃபார்வர்டுகள். ஃபார்வர்டுகளில் நடுவில் நிற்பவர் சென்டர், இரு பக்கமும் விங்கர்கள். இந்த மூவர் கூட்டணிதான் ஒரு வரிசை; அணியின் சிறந்த மூவர் முதல் வரிசை, கடைசி மூவர் நான்காம் வரிசை. ஆட்டம் நின்று தொடங்கும் ஒவ்வொரு முறையும் நடுவர் பக் என்னும் ரப்பர் வட்டைக் கீழே போட, இரு அணி சென்டர்களும் அதற்காக மோதுவார்கள். அதுதான் ஃபேஸ்-ஆஃப். பக் எதிரணியிடம் போய்விட்டால் விங்கர்கள் பெரும்பாலும் தற்காப்புப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டுப் பக்கம் எதிரணி டிஃபென்ஸ்மேன்களைப் பார்த்துக்கொண்டால் போதும். சென்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் தன் கோல் வலைவரை இறங்கி வந்து, டிஃபென்ஸ்மேன்களுக்கு மூன்றாவது ஆளாக நிற்க வேண்டும். வலைக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் இடத்தை அடைக்க வேண்டும். பக் கிடைத்ததும் அதை வெளியே கொண்டுபோகும் முதல் ஆளும் அவர்தான். பிறகு அதே மூச்சில் எதிர்முனைக்கு ஓடித் தாக்குதலிலும் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஐஸில் இறங்கி வெளியேறும்வரையான ஒரு ஷிப்ட் முக்கால் நிமிடம்தான் நீடிக்கும். அதற்குள் இத்தனையும் நடக்கும். இரண்டு பக்க வேலையையும் நன்றாகச் செய்பவரைத்தான் டூ-வே சென்டர் என்கிறார்கள்.

இந்த வேலைக்கென்றே ஒரு விருது உண்டு, ஃபிராங்க் செல்கி கோப்பை. தற்காப்பில் சிறந்த ஃபார்வர்டுக்கு 1978 முதல் கொடுக்கப்படுகிறது. பாஸ்டனின் பாட்ரிஸ் பெர்ஜரான் ஆறு முறை வாங்கியிருக்கிறார். ஃபுளோரிடாவின் அலெக்சாண்டர் பார்கோவ் மூன்று முறை, லாஸ் ஏஞ்சலஸின் அன்சே கோபிடார் இரண்டு முறை. இந்த மூன்று பெயரையும் நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூவரில் ஒருவர்கூட ஃப்ரீ ஏஜென்ட் சந்தைக்கு வந்ததே இல்லை. இப்படிப்பட்ட சென்டர் கையில் இருந்தால் எந்த அணியும் ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்காது, முன்கூட்டியே நீட்டித்துவிடும். பார்கோவுக்கு ஃபுளோரிடா 2021 அக்டோபரில் எட்டு ஆண்டுக்கு எட்டு கோடி டாலர் கொடுத்துப் பிடித்து வைத்துக்கொண்டது. ஆகவே ஜூலை மாதத்துச் சந்தையில் நிற்பவர்கள் பெரும்பாலும் அடுத்த தட்டு வீரர்கள். சரக்கு குறைவு, வாங்க வருபவர்கள் அதிகம். விலை ஏறத்தான் செய்யும். டூ-வே சென்டரின் விலையைப் பார்க்கும்போது அதில் ஒரு பகுதி திறமைக்கான விலை, ஒரு பகுதி பற்றாக்குறைக்கான விலை என்பதை மறக்கக் கூடாது.

திறமையை அளப்பதுதான் கடினமான பகுதி. கோலும் அசிஸ்டும் கண்ணுக்குத் தெரியும், பட்டியலில் ஏறும், முகவர் பேரம் பேசும் மேசையில் முதலில் வைப்பதும் அவற்றைத்தான். விழாமல் போன கோல் எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஆனால் ஸ்கோர் பலகைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கோல் போட்டாலும் ஒரு கோலைத் தடுத்தாலும் அணியின் கணக்கு ஒன்று ஏறுகிறது. ஒரு சீசனில் ஏறக்குறைய ஆறு கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது ஹாக்கி புள்ளிவிவரக்காரர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆறு கோலைக் கூடுதலாகப் போடுபவருக்குச் சந்தை கொடுக்கும் விலையும், ஆறு கோலைத் தடுப்பவருக்குக் கொடுக்கும் விலையும் ஒன்றல்ல. இரண்டாவது மலிவு. புத்திசாலி அணி லாபம் பார்ப்பது அந்த இடைவெளியில்தான்.

சரி, தடுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வழி பிளஸ்-மைனஸ். வீரர் ஐஸில் இருக்கும்போது தன் அணி கோல் போட்டால் ஒன்று கூட்டு, எதிரணி போட்டால் ஒன்று கழி, எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது விழும் பவர் பிளே கோல்களை விட்டுவிடு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கோல்கீப்பர் சொதப்பினால் தண்டனை சென்டருக்கு விழும். கோல்கீப்பர் அற்புதமாக ஆடினால் புகழும் சென்டருக்கு வந்துவிடும். ஒரு சீசனில் கோல்கள் எண்ணிக்கையும் குறைவு என்பதால் அதிர்ஷ்டத்தின் கை அதில் ஓங்கியிருக்கும். ஒப்பந்தம் எழுதும் அளவுக்கு நம்பக்கூடிய எண் இல்லை இது.

அதனால் இப்போது கோலுக்குப் பதில் ஷாட்களை எண்ணுகிறார்கள். ஒருவர் ஐஸில் இருக்கும்போது இரு அணியும் எடுத்த ஷாட் முயற்சிகளில் தன் அணியின் பங்கு எவ்வளவு? 50 விழுக்காடு என்றால் சமநிலை. ஷாட் எங்கிருந்து, எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்பதைப் பார்த்து அது கோலாகும் வாய்ப்பையும் சேர்த்தால் எதிர்பார்க்கப்படும் கோல் என்ற கணக்கு வரும். கோல்கீப்பரின் பங்கை இது ஓரளவு பிரித்து வைத்துவிடுகிறது.

ஆனால் இந்த எண்ணையும் வெறுமனே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சென்டரின் ஷாட் பங்கு 48 விழுக்காடு, இன்னொருவருடையது 52. இரண்டாமவர்தான் மேல் என்று தோன்றும். முதலாமவர் இருக்கும் அணி அவர் இல்லாத நேரத்தில் 44 விழுக்காடுதான் எடுக்கிறது, இரண்டாமவரின் அணியோ அவர் இல்லாமலே 53 எடுக்கிறது என்று வையுங்கள். இப்போது கதை தலைகீழ். முதலாமவர் மோசமான அணியைத் தூக்கிப் பிடிக்கிறார். இரண்டாமவர் நல்ல அணியைச் சற்றே கீழே இழுக்கிறார். கூடவே இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பயிற்சியாளர் அவரை எந்த முனை ஃபேஸ்-ஆஃபுக்கு அனுப்புகிறார்? தன் வலைக்கு அருகில் ஷிப்டைத் தொடங்குபவருக்கு எதிரணி ஷாட் அதிகம் விழுவது இயல்பு. எதிரில் யாரை நிறுத்துகிறார்கள்? நான்காம் வரிசைக்கு எதிராக எடுத்த 52 விழுக்காடும் எதிரணியின் முதல் வரிசைக்கு எதிராக எடுத்த 48 விழுக்காடும் ஒரே தராசில் நிற்காது.

டனோவிடம் திரும்புவோம். 2021 ப்ளே-ஆஃப் முதல் சுற்றில் மாண்ட்ரியால் சந்தித்தது டொராண்டோவை. டொராண்டோவின் ஆஸ்டன் மேத்யூஸ் அந்த ஆண்டு 52 ஆட்டத்தில் 41 கோல் அடித்து லீகிலேயே முதலிடத்தில் இருந்தார். அவருக்குப் பக் ஊட்டிக்கொடுப்பவர் மிட்ச் மார்னர். இந்த இருவர் ஐஸில் இறங்கும்போதெல்லாம் அவர்களைக் கவனிக்கும் வேலை டனோவின் வரிசைக்கு. ஹாக்கியில் ஆட்டம் நிற்கும்போது ஆளை மாற்றும் கடைசி வாய்ப்பு சொந்த மைதான அணிக்கு உண்டு. அதனால் மாண்ட்ரியால் சொந்த ஐஸில் ஆடும்போது பயிற்சியாளர் மேத்யூஸ் இறங்குவதைப் பார்த்துவிட்டு டனோவை இறக்கலாம். டொராண்டோவில் ஆடும்போது அது எளிதல்ல, ஷிப்டின் நடுவிலேயே ஆளை மாற்றித் துரத்திப் பிடிக்க வேண்டும். ஏழு ஆட்டத்தில் மேத்யூஸுக்கு ஒரே ஒரு கோல். மார்னருக்கு ஒன்றுகூட இல்லை. 3-1 என்று பின்தங்கிய மாண்ட்ரியால் தொடரை 4-3 என்று வென்றது, அங்கிருந்து இறுதிப்போட்டிவரை போனது. கோல்கீப்பர் கேரி பிரைஸின் பங்கு இதில் பெரியது. ஆனாலும் அந்த ஒத்தையடிப் பாதையில் மேத்யூஸை மறித்து நின்றவர் டனோ. அந்த ப்ளே-ஆஃபின் 22 ஆட்டத்தில் அவர் அடித்ததும் ஒரே ஒரு கோல்தான்.

கிங்ஸ் இதைப் பார்த்துத்தான் வாங்கியது. அவர்களிடம் முதல் சென்டராகக் கோபிடார் ஏற்கெனவே இருந்தார், ஆனால் வயது 33. எதிரணியின் முதல் வரிசையைத் தடுக்கும் சுமை முழுவதும் அவர் தோளில். டனோ வந்தால் அந்தச் சுமை பாதியாகும். அதோடு, மாண்ட்ரியாலில் எப்போதும் கடினமான நிமிடங்களையே ஆடி வந்தவருக்குச் சற்றே சுலபமான நிமிடங்களும் கிடைக்கும். அப்படியே நடந்தது. 2021-22இல் 79 ஆட்டத்தில் 27 கோல் அடித்தார் டனோ, மூன்று சீசனாக வாசலில் நின்ற கிங்ஸ் ப்ளே-ஆஃபுக்குத் திரும்பியது. ஒரு வீரரின் கோல் கணக்கு அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையின் கணக்கும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஃபேஸ்-ஆஃப் பற்றி ஒரு வார்த்தை. டூ-வே சென்டரைப் பற்றிப் பேச்செடுத்தாலே வர்ணனையாளர்கள் ஃபேஸ்-ஆஃப் விழுக்காட்டைத்தான் சொல்வார்கள். அதற்கு அவ்வளவு எடை கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல சென்டர் நூற்றில் 55 வெல்வார், சராசரிக்காரர் 50. ஒரு ஆட்டத்தில் இருபது ஃபேஸ்-ஆஃப் எடுத்தால் வித்தியாசம் ஒன்றே ஒன்று. கடைசி நிமிடத்தில், ஒரு கோல் முன்னிலையில், தன் வலைக்கு அருகில் எடுக்கும் ஃபேஸ்-ஆஃபுக்கு மதிப்பு உண்டு. அதைத் தவிர்த்துப் பார்த்தால் பெனால்டி கில்லில், அதாவது ஓர் ஆள் குறைவாக நிற்கும் நேரத்தில், அவர் எத்தனை நிமிடம் ஆடுகிறார் என்பது அதிகம் சொல்லும்.

அடுத்தது பணம். ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் இத்தனை கோடிதான் என்று பர்ஸ் இருப்பதைப் போல என்எச்எல்லில் சாலரி கேப் உண்டு. 2005-06இல் 3.9 கோடி டாலராகத் தொடங்கியது. கொரோனாவால் வருமானம் படுத்ததில் 2019-20 முதல் 2021-22 வரை 8.15 கோடியிலேயே நின்றது. 2024-25இல் 8.8 கோடி, 2025-26இல் 9.55 கோடி, 2026-27க்கு 10.4 கோடி. ஆகவே டாலரை டாலரோடு ஒப்பிடுவது வீண் வேலை. கேப்பில் எத்தனை விழுக்காடு என்றுதான் பார்க்க வேண்டும். டனோவின் 55 லட்சம் அன்றைய 8.15 கோடியில் 6.75 விழுக்காடு. அதே விழுக்காடு 9.55 கோடியில் கிட்டத்தட்ட 64.5 லட்சம். இது தெரியாமல் ஒருவர் 64 லட்சம் கேட்கிறார் என்றதும் டனோவைவிட அதிகம் கேட்கிறாரே என்று பதறினால் அது தவறான பதற்றம்.

வயதைப் பார்ப்போம். என்எச்எல்லில் 27 வயதாகும்போதோ ஏழு சீசன் ஆடி முடித்தபோதோதான் வீரருக்கு விரும்பிய அணிக்குப் போகும் முழு உரிமை கிடைக்கும். ஃபார்வர்டுகள் கோல் போடும் உச்சமோ இருபதுகளின் நடுப்பகுதி. அதாவது சந்தையில் கிடைக்கும் கிட்டத்தட்ட எல்லோருமே உச்சத்தைத் தாண்டியவர்கள் அல்லது தாண்டப்போகிறவர்கள். தற்காப்பு புத்தி மெதுவாகத்தான் தேயும், எங்கே நிற்க வேண்டும் என்பது 35 வயதிலும் மறக்காது. ஆனால் அங்கே போய்ச் சேரக் கால் வேண்டும். இரண்டு முனைக்கும் ஓட வேண்டியவருக்குக் கால் தளர்ந்தால் இரண்டு வேலையும் சேர்ந்தே கெடும்.

இந்த இடத்தில்தான் எலியாஸ் லிண்ட்ஹோமின் ஒப்பந்தத்தை உற்றுப் பார்க்கச் சொல்வேன். 2021-22இல் கால்கரி அணியில் அவர் 42 கோல், 82 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்ந்த கணக்கு) எடுத்தார். செல்கி வாக்கெடுப்பில் பெர்ஜரானுக்கு அடுத்த இடம். டூ-வே சென்டர் என்றால் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவருக்கு ஒரு பக்கம் ஆடியவர் மறைந்த ஜானி காட்ரோ, அந்த ஆண்டு 115 புள்ளி எடுத்தவர். மறுபக்கம் மேத்யூ கச்சக், 104 புள்ளி. மூவருமே நாற்பது கோலைத் தொட்ட வரிசை அது. அந்தக் கோடையில் காட்ரோ கொலம்பஸுக்கும் கச்சக் ஃபுளோரிடாவுக்கும் போனார்கள். அடுத்த ஆண்டு லிண்ட்ஹோமின் புள்ளி 64. அதற்கடுத்த ஆண்டு, நடுவில் வான்கூவருக்கு மாற்றப்பட்ட சீசனில், 44. ஆனால் 2024 ஜூலை 1 அன்று பாஸ்டன் அவருக்கு ஏழு ஆண்டு, ஆண்டுக்கு 77.5 லட்சம் கொடுத்தது. பெர்ஜரானும் டேவிட் கிரெய்ச்சியும் 2023 கோடையில் ஓய்வு பெற்றதிலிருந்து பாஸ்டனுக்கு நடுவில் பெரிய ஓட்டை, அதனால் அந்த அவசரம் புரிகிறது. முதல் சீசனில் 82 ஆட்டமும் ஆடி 47 புள்ளி எடுத்தார் லிண்ட்ஹோம். தற்காப்பில் அவர் நல்ல வீரர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கேப்பில் 8.8 விழுக்காடு என்பது 82 புள்ளி சென்டரின் விலை. அந்த 82இல் எவ்வளவு அவருடையது, எவ்வளவு பக்கத்தில் ஆடியவர்களுடையது என்று பிரித்துப் பார்த்திருந்தால் விலை குறைந்திருக்கும். ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு வயது 36.

ஒரே சீசனை நம்புவது ஆபத்து என்றால், ஒரே தருணத்தை நம்புவது அதைவிடப் பெரிய ஆபத்து. 2013 இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது, சிகாகோவுக்குக் கோப்பையை வென்று தந்த கோலை அடித்தவர் டேவ் போலண்ட் என்ற சென்டர். எதிரணி நட்சத்திரங்களைக் கடுப்பேற்றித் தடுப்பதில் பெயர் பெற்றவர். அடுத்த சீசனில் டொராண்டோவுக்குப் போய், கணுக்கால் காயத்தால் 23 ஆட்டம் மட்டுமே ஆடினார். 2014 ஜூலையில் ஃபுளோரிடா அவருக்கு ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 55 லட்சம் கொடுத்தது. அன்றைய கேப் 6.9 கோடி, அதில் ஏறக்குறைய எட்டு விழுக்காடு. இரண்டு சீசனில் 78 ஆட்டம் ஆடியதோடு அவர் உடம்பு ஒத்துழைக்கவில்லை, பிறகு ஆடவே இல்லை. அந்த ஒப்பந்தத்தை அரிசோனாவின் தலையில் கட்ட ஃபுளோரிடா தன் இளம் நம்பிக்கை லாசன் கிரவுஸையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தற்காப்பு சென்டர் ஷாட்டைத் தடுக்கக் குறுக்கே விழுபவர், பலகையோரம் மோதுபவர். அவருடைய காயக் கணக்கைக் கோல் கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும், அதுதான் வாங்குபவருக்கு வாய்ப்பு. ரயன் ஓ'ரைலி 2019இல் செயின்ட் லூயிஸுக்காகக் கோப்பை, ப்ளே-ஆஃபின் சிறந்த வீரர் விருது, செல்கி மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றவர். 2022-23இல் பாதம் முறிந்தது, செயின்ட் லூயிஸும் சரிந்தது, அங்கே 40 ஆட்டத்தில் அவருக்கு 19 புள்ளிதான். டொராண்டோவுக்கு மாற்றப்பட்ட பின் விரலும் முறிந்தது. 32 வயதாகிவிட்டது, ஆள் முடிந்துபோனார் என்று பேச்சு. 2023 ஜூலை 1 அன்று நாஷ்வில் அவரை நான்கு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 45 லட்சத்துக்கு வாங்கியது. கேப்பில் 5.4 விழுக்காடு. முதல் சீசனிலேயே 82 ஆட்டம், 26 கோல், 69 புள்ளி. காலால் ஜெயித்தவர் இல்லை ஓ'ரைலி, எப்போதும் மெதுவாகத்தான் ஓடுவார். கையும் கணிப்பும்தான் அவர் பலம். அந்தப் பலம் ஒரு மோசமான சீசனில் காணாமல் போகாது. வயதைக் காரணம் காட்டி விலையைக் குறைத்து, ஆண்டுகளையும் நான்கோடு நிறுத்தியதில் நாஷ்வில் காட்டிய பொறுமையைப் பாராட்ட வேண்டும்.

ஆண்டுக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தவறான ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் வழி கசப்பானது. 26 வயதோ அதற்கு மேலோ ஆனவரின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முறித்தால், மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீதி ஆண்டுகளின் இரு மடங்கு காலத்துக்குக் கட்ட வேண்டும். போனஸாக எழுதிய தொகையைக் குறைக்கவே முடியாது. ஆடாத ஆளின் பெயர் கேப்பில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருக்கும்.

2026 செப்டம்பரில் அமலுக்கு வரும் புதிய தொழிலாளர் ஒப்பந்தம் இந்தப் பேரத்தையே மாற்றப்போகிறது. இதுவரை சொந்த அணி எட்டு ஆண்டும் வெளி அணி ஏழு ஆண்டும் கொடுக்கலாம். இனி ஏழு, ஆறு. லிண்ட்ஹோம் போன்ற ஒப்பந்தங்களில் கடைசி ஆண்டுகளைச் சேர்ப்பதே ஆண்டுச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டத்தான். அந்த இடம் சுருங்கினால் ஆண்டு விலை ஏறும், கேப்பும் கூடவே ஏறுகிறது. டனோவின் 6.75 விழுக்காட்டை 10.4 கோடியில் வைத்தால் 70 லட்சம் வருகிறது. எதிரணியின் முதல் வரிசையை மறிக்கும், காயம் அதிகம் இல்லாத, 28 வயது சென்டர் ஆறு ஆண்டுக்கு 70 லட்சம் கேட்டால் நான் கொடுப்பேன். அதே தொகையை 32 வயதுக்காரர் கேட்டால் எத்தனை கோல் போட்டிருந்தாலும் நான்கு ஆண்டுக்கு மேல் பேச மாட்டேன், அவர் பக்கத்தில் ஆடியவர்கள் யார் என்று பார்க்காமல் 70 லட்சத்துக்கும் சம்மதிக்க மாட்டேன்.